மார்ச்சில் டெத் வேலி, ஆர்.வி. பயணம்: காத்துக்கு என்ன பண்றது?

சன்னிவேல் சரவணன்

வணக்கம். மார்ச் ரெண்டாவது வாரம் 25 அடி கிளாஸ் சி ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதியெல்லாம் உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து கலிபோர்னியா பாலைவனத்துல இருக்கிற டெத் வேலி போறோம். நான், மனைவி, ஆறு வயசுப் பையன், ஊர்லேர்ந்து வந்திருக்கிற அப்பா அம்மா. மணல்மேடு பக்கத்துல இருக்கேன்னு ஸ்டவ்பைப் வெல்ஸ் கேம்ப்கிரவுண்ட்ல தங்கலாம்னு நினைச்சேன். "அங்க மார்ச்ல பேய்க்காத்து, ராத்திரி பூரா வண்டி ஆடும்"னு ஆபீஸ்ல ஒருத்தர் பயமுறுத்திட்டார். அம்மாவுக்குத் தூசி பட்டா இழுப்பு வரும். அப்பாவோ வெளியில நாற்காலி போட்டுச் சமைச்சுச் சாப்பிடணும்னு ஆசையா இருக்கார். கேன்சல் பண்ணிடவா?

ஹெண்டர்சன் மல்லிகா

கேன்சல் எல்லாம் வேண்டாம் தம்பி, இடத்தை மட்டும் மாத்துங்க. நாங்க வேகாஸ் பக்கம் இருக்கறதால குளிர்காலம் முடியறதுக்குள்ள அங்க போகாம இருக்கறதில்ல. ஸ்டவ்பைப் வெல்ஸ் வெறும் சரளை மைதானம், ஒதுங்க ஒண்ணும் கிடையாது. காத்து மணலைக் கொண்டாந்து கொட்டுற இடத்துலதானே மணல்மேடு வரும்? அதுக்குப் பக்கத்துலயே படுத்துட்டு தூசி வரக்கூடாதுன்னா எப்படி?

பர்னஸ் க்ரீக் பக்கம் பாருங்க. அதுக்கு மேல டெக்சஸ் ஸ்ப்ரிங்னு ஒரு கேம்ப்கிரவுண்ட் இருக்கு, குன்றுகளுக்கு நடுவுல ஒடுங்கி உக்கார்ந்திருக்கும். என் ஓட்டு அதுக்குத்தான். ஆனா அங்க ஜெனரேட்டர் போடக்கூடாது, கரண்ட் இணைப்பும் இல்ல. அம்மா நெபுலைசர் வெச்சிருந்தா வண்டி பேட்டரியில ஓடுமான்னு வாடகைக்காரங்ககிட்ட இப்பவே கேட்டுடுங்க.

காத்தை லேசா நினைக்காதீங்க. 2024 மார்ச் தொடக்கத்துல பேட்வாட்டர்ல, அதாவது பள்ளத்தாக்கோட தாழ்வான உப்புத்தரையில, மழைத்தண்ணி ஏரியா தேங்கியிருந்தது. மணிக்குச் சுமார் 40 மைல் வேகத்துல வீசின காத்து அந்த ஏரியையே ரெண்டு மைல் வடக்கே தள்ளிருச்சு!

பள்ளத்தாக்கு வடக்கு தெற்கா நீண்டு கிடக்கு, காத்தும் பெரும்பாலும் அதே வழியாத்தான் ஓடும். அதனால வண்டியோட மூக்கோ பின்பக்கமோ காத்தைப் பார்க்கணும். பக்கவாட்டுல வாங்கினா ராத்திரி தூக்கம் போச்சு. ஸ்லைடு (இடம் கூட்ட வெளிய நகர்த்துற பக்கச்சுவர்ப் பகுதி) இருந்தா உள்ள இழுத்துடுங்க, அதுக்கு மேல இருக்கிற துணி படபடன்னு அடிச்சே உயிரை வாங்கும். டிரைவர் கேபினுக்கு மேல இருக்கிற படுக்கைதான் அதிகமா ஆடும், அங்க நீங்க படுங்க, பெரியவங்களைப் பின்னாடி படுக்க வைங்க.

ஆனிங்கை (வண்டிப் பக்கத்துல விரிக்கிற துணிப்பந்தல்) மறந்துடுங்க. மத்தியானம் அமைதியா இருக்குன்னு விரிச்சு வெச்சுட்டு ஒரு நடை போயிட்டு வந்தா, அதைத் தாங்குற கம்பி முறிஞ்சு கூரை மேல கிடக்கும். வாடகை இன்சூரன்ஸ்ல அதைச் சேர்க்காம விடறவங்க உண்டு, கையெழுத்துக்கு முன்னாடி படிச்சுப் பாருங்க.

தூசிக்கு: காத்து வர்ற பக்கத்து ஜன்னல், கூரை மூடி எல்லாம் சாத்திடணும். எதிர்ப்பக்க ஜன்னலை ரெண்டு விரல் அளவு திறந்து வைங்க. கதவுக்குக் கீழ ஈரத்துண்டு. உள்ள அடுப்பு எரியறப்ப மட்டும் முழுக்க மூடாதீங்க.

அப்பாவோட நாற்காலிக்கு விடியக்காலைதான் நேரம். மத்தியானத்துக்கு மேலதான் பெரும்பாலும் காத்து கிளம்பும். இட்லி, உப்புமா எல்லாம் ஒன்பது மணிக்குள்ள வெளியில முடிச்சுக்கலாம். ராத்திரிக்கு உள்ளேயே ரசம் சாதம்.

பேக்கர்ஸ்ஃபீல்ட் பாலா

தங்கறதைவிட ஓட்டறதுதான் கஷ்டம் சார். தெஹாச்சப்பி இறங்கி மோஹாவி ஊர்ப்பக்கம் வந்தா நம்ம முப்பந்தல் மாதிரி காத்தாடியா நிக்கும், அங்கிருந்தே பக்கவாட்டுல தள்ள ஆரம்பிக்கும். லாரி ஓவர்டேக் பண்ணாதீங்க, தாண்டற நொடியில காத்து மறைஞ்சு திரும்ப அடிக்கிறப்ப வண்டி லேன் மாறிடும். 190-ஆம் நெடுஞ்சாலையில டவுன் பாஸ் கணவாய் கிட்டத்தட்ட 5000 அடி உயரம், இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராம கியரைக் குறைங்க. முந்தின நாளே நேஷனல் வெதர் சர்வீஸோட வேகாஸ் ஆபீஸ் அறிவிப்பைப் பாருங்க. "விண்ட் அட்வைசரி"ன்னா மெதுவா போகலாம், "ஹை விண்ட் வார்னிங்"னா ஒரு நாள் தள்ளிப் போடுங்க.

இன்னொண்ணு, ஃப்ரிட்ஜ் பழைய மாடலா, கேஸ்ல ஓடறதா இருந்தா காத்துல சுடர் அணைஞ்சுடும். பால், மாவு வெச்சிருந்தா அப்பப்ப பார்த்துக்குங்க.

சன்னிவேல் சரவணன்

ரொம்ப நன்றி அக்கா, பாலா சார். டெக்சஸ் ஸ்ப்ரிங்கே பார்க்கறேன். அம்மா கேக்கறாங்க, நிக்கிற வண்டி கவுந்துடாதே?

ஹெண்டர்சன் மல்லிகா

அஞ்சு டன்னுக்கு மேல எடை இருக்கும் தம்பி. சாதாரண மார்ச் காத்துக்கு ஆடும், அவ்வளவுதான். தண்ணி டேங்கை நிரப்பியே வைங்க, எடையும் கூடும், அந்த வறட்சிக்குக் குடிக்கவும் வேணும். கதவைத் திறக்கறப்ப கைப்பிடியை விடாதீங்க, பையனைத் திறக்கவே விடாதீங்க, ஒரே அடியில கீலோட பிடுங்கிடும். மணல்மேட்டுக்குக் காலையில கூட்டிட்டுப் போறப்ப அவனோட நீச்சல் கண்ணாடியைப் போட்டுவிடுங்க. கூலிங் கிளாஸ்ல பக்கவாட்டுல மணல் பூந்துடும், இதுல பூராது.