பின்கட்டில் ஒரு துத்தி

மாலதி (காலை 8:10): [படம்] கிணற்றடியில் இந்தச் செடி இடுப்பு உயரம் வந்துவிட்டது. நாளைக்குச் சுத்தம் செய்ய ஆள் வருகிறார். பிடுங்கச் சொல்லிவிடவா?

கார்த்தி: இலையைப் பார்த்தால் வெற்றிலை மாதிரி இருக்கிறதே.

அத்தை: டேய், வெற்றிலை கொடியடா. மாலதி, இலையைத் தடவிப் பார். மெத்தென்று இருக்கிறதா?

மாலதி: ஆமாம் அத்தை, பூனைக் காது மாதிரி.

அத்தை: அப்போ துத்தி. பிடுங்காதே.

சித்தப்பா: பருத்திக் காட்டில் முதலில் பிடுங்குவதே அதைத்தான். இரண்டும் ஒரே குடும்பம். மாவுப்பூச்சி, காய்ப்புழு எல்லாம் பருத்தி இல்லாத மாதங்களில் துத்தியில் குடியிருக்கும். வரப்பில் ஒன்று நின்றாலும் தாத்தா விடமாட்டார்.

அத்தை: தம்பி, அவள் என்ன பருத்தியா போட்டிருக்கிறாள்?

மாலதி: பருத்தி இல்லை. வெண்டை நாலு செடி இருக்கிறது.

சித்தப்பா: போச்சு. வெண்டையும் அதே குடும்பம்தான். செம்பருத்தி, பூவரசு எல்லாமே. இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருக்கிறதா பார்.

மாலதி: சுத்தமாக இருக்கிறது சித்தப்பா. ஆனால் பூவையே காணோமே?

அத்தை: காலையில் தேடினால் எப்படி? மத்தியானத்துக்கு மேல்தான் விரியும். காய் இருந்தால் படம் போடு.

மாலதி: [படம்] குட்டிச் சக்கரம் மாதிரி. எண்ணிப் பார்த்தேன், 18 பல்.

அத்தை: அதேதான்! அந்தக் காயை மையில் தொட்டு நோட்டு முழுக்க முத்திரை குத்துவோம். தபாலாபீஸ் விளையாட்டு. உன் சித்தப்பா நெற்றியிலும் ஒன்று குத்திப் பள்ளிக்கூடம் அனுப்பினேன்.

சித்தப்பா: அதற்கு வாத்தியாரிடம் அடி வாங்கியது நான்.

கார்த்தி: சரி, சாப்பிடலாமா?

அத்தை: இளம் இலையாகப் பறித்து, பாசிப்பருப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கூட்டு வைக்கலாம். மூலத்துக்குச் சித்த வைத்தியத்தில் பெயர்போன கீரை. இலையை விளக்கெண்ணெயில் வதக்கி வைத்துக் கட்டுவார்கள். உங்கள் மாமாவுக்குக்கூடப் போன வருடம்...

மாமா: குழுவில் என் பேச்சு எதற்கு?

கார்த்தி: மாமா இத்தனை நாள் கழித்து இன்றைக்குத்தான் வாய் திறந்திருக்கிறார் 😂

மாலதி (மாலை 5:05): [படம்] விரிந்துவிட்டது! நல்ல ஆரஞ்சு கலந்த மஞ்சள். காலையில் மொட்டாக இருந்த இடம்தான். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டும்படி ஆளிடம் சொல்லிவிட்டேன்.

சித்தப்பா: வெண்டையில் ஒரு கண் இருக்கட்டும்.

அத்தை: ஞாயிற்றுக்கிழமை வரும்போது இலை இரண்டு கைப்பிடி பறித்து வா. யாருக்கு என்று குழுவில் கேட்காதே.