கூரை திறந்த காரில் மிருதங்கத்தின் தொப்பி எங்கே போகிறது?

ஃபிரீமாண்ட்காரன்:

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வந்த ஆசையைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். நீங்களும் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். சென்ற ஆண்டு பழைய மாஸ்டா மியாட்டா கார் ஒன்றை வாங்கினேன். 2016 மாடல், இருப்பதிலேயே மலிவான ரகம், துணிக்கூரை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒற்றைக் கையால் கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். அந்தச் சுகத்துக்கே கொடுத்த பணம் சரியாகிவிட்டது.

குறையெல்லாம் பாட்டுக் கேட்பதில்தான். சனிக்கிழமை காலையில் கலிஃபோர்னியாவின் ஃபிரீமாண்டிலிருந்து கிளம்பி, சான் மட்டேயோ பாலத்தைக் கடந்து, ஹாஃப் மூன் பேயில் கடற்கரைச் சாலையைப் பிடித்து, பெஸ்கடேரோ வழியாகச் சான்டா குரூஸ் வரை போய், 17ஆம் நெடுஞ்சாலையில் மலையேறித் திரும்புவேன். துணைக்குக் கர்நாடக இசைப் பாடகர் எம்.டி.ராமநாதனின் பதிவுகள். அவர் குரல் எவ்வளவு கீழே இறங்கும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். வீட்டில் கேட்டால் தரைக்கடியிலிருந்து எழுவது போலிருக்கும். அதே பதிவைப் பாலத்தின் மேல் மணிக்கு 65 மைல் வேகத்தில் கேட்டால், பக்கத்து அறையில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு செருமுவது போலிருக்கிறது. தம்புரா அடியோடு இல்லை. மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலை மட்டும் டிக் டிக் என்று கேட்கிறது; ஆழ்ந்த நாதம் தரும் இடப்பக்கத்தை, அதாவது தொப்பியை, காணோம். காரின் தொப்பியைக் கழற்றினால் மிருதங்கத்தின் தொப்பியும் கழன்றுவிடுகிறது. போதாக்குறைக்குப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் டயர் போடும் தட்டு, எந்தத் தாளத்திலும் அடங்குவதில்லை.

ஒரு கடைக்குப் போனேன். "பவர் போதவில்லை சார்" என்றார்கள். கதவு ஸ்பீக்கர்களை மாற்றி, ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வைத்து, ஆயிரத்து நூறு டாலர் வாங்கிக்கொண்டார்கள். கடை வாசலில் கேட்டபோது கண்ணில் நீர் வந்தது. பாலம் ஏறியதும் மறுபடி வந்தது, வேறு காரணத்துக்காக.

இப்போது அதே கடையில், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபர் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா? அல்லது திறந்த காரில் நல்ல இசை என்பதே பேராசையா?

அளவுகோல்:

சப்வூஃபர் வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ், ஐபோனுக்கு இலவச ஒலிமானி தருகிறது. பாட்டை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்காருபவரிடம் போனைக் கொடுத்து, வெறும் காற்றையும் சாலையையும் அளக்கச் சொல்லுங்கள். என்னிடம் முன்பு இருந்த மியாட்டாவில் 65 மைலில் கூரை மூடினால் 76 டெசிபெல், திறந்தால் 87.

இனிக் கணக்கைப் பாருங்கள். 50 வாட்டை 100 வாட்டாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு உரக்கக் கேட்க 10 டெசிபெல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, மீதிக் கணக்கைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தொப்பி காணாமல் போவதற்குக் காரணம் ஒன்றல்ல. காற்றின் மோதலிலும் டயரின் உறுமலிலும் பெரும்பங்கு தாழ்ந்த அதிர்வெண்கள். அவை அதே இடத்தில் உள்ள இசையை நேராகவே விழுங்கிவிடும். அதோடு நில்லாமல் தமக்கு மேலே உள்ள ஒலிகளையும் மறைக்கும். தாழ்ந்த ஒலி உயர்ந்ததை மறைக்கும் அளவுக்கு உயர்ந்தது தாழ்ந்ததை மறைப்பதில்லை, காதின் அமைப்பு அப்படி. மூன்றாவதுதான் பலர் யோசிக்காதது: மூடிய கார் ஒரு சிறிய பெட்டி, அதற்குள் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, தானாகவே தூக்கிக் கொடுக்கப்படும். கூரையைத் திறந்தால் அந்த இனாம் போய்விடுகிறது. ஆகையால் மூடிய கூரைக்கு ஒன்று, திறந்த கூரைக்கு ஒன்று என, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் இரண்டு அமைப்புகள் தேவை. உங்கள் வண்டியில் வேகத்துக்கு ஏற்ப ஒலியை ஏற்றும் ஏஎல்சி இருக்கிறதே, அதையும் போடுங்கள்.

சத்தத்தின் மேல் சத்தம் வைத்து வெல்லப் பார்க்காதீர்கள். நையாஷ் பரிந்துரைப்பது 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 87 டெசிபெல் காற்றுக்கு மேலே 97இல் பாட்டு வைத்தால் அரை மணி நேரம்தான் கணக்கு. நீங்கள் பெஸ்கடேரோவைக்கூட எட்டியிருக்க மாட்டீர்கள்.

முதலில் இரைச்சலைக் குறையுங்கள். கண்ணாடிகளை ஏற்றி வையுங்கள். இருக்கைகளுக்குப் பின்னால் காற்றுத் தடுப்புப் பலகை வையுங்கள். பிடரியில் வந்து சுழலும் காற்று குறையும். டயரில் கையைத் தடவிப் பாருங்கள். தேய்மானம் ரம்பப் பல் போல மேடும் பள்ளமுமாக இருந்தால், பாதி உறுமல் அங்கிருந்துதான் வருகிறது. பிறகு கதவைக் கழற்றி, உள்தகட்டில் உள்ள துளைகளைப் பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் தகடு ஒட்டி அடைக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரின் பின்புற அலை அந்த ஓட்டைகள் வழியாக முன்னால் வந்து முன்புற அலையை அழிக்கிறது. உங்கள் பாஸைக் காற்று தின்னும் முன்பே கதவு தின்கிறது. இதைச் செய்யாமல் ஆயிரத்து நூறு வாங்கிய கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

கார்புரேட்டர்:

பாட்டை அணையுங்கள் ஐயா. 17ஆம் நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் ஏறும்போது அந்த எஞ்சின் பாடுவதைக் கேட்க ஆயிரத்து நூறு டாலர் தேவையில்லை.

இரண்டு இருக்கைதான்:

மேலே சொன்னவர் சொல்வதும் சரிதான், ஆனால் கேட்ட கேள்வி அதுவல்ல.

சான் டியேகோவில் எனக்கும் 2016தான், அதே மலிவு ரகம். உயர்ந்த ரகங்களில் வரும் போஸ் அமைப்பில் தலைசாய்ப்புக்குள்ளேயே ஸ்பீக்கர்கள் உண்டு. இது புதிதல்ல, 1989இல் வந்த முதல் தலைமுறையிலேயே அப்படிச் சில கார்கள் இருந்தன. சூத்திரம் எளியது: தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி 6 டெசிபெல் கூடும். கதவுக்குக் கீழே, முழங்காலுக்கருகில் ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரைக் காதிலிருந்து கால் மீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல். வாட் ஒன்றும் கூட்டாமல்.

உடைந்த கார்களைப் பிரித்து விற்கும் இடத்தில் போஸ் இருக்கைகள் இரண்டை வாங்கி மாற்றினேன். இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுவிட்டுத்தான் அந்த மஞ்சள் இணைப்பைத் தொட வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் விடுங்கள். தலைசாய்ப்பு ஸ்பீக்கர்களுக்குத் தனியாகச் சிறிய ஆம்ப்ளிஃபயர் போதும். ஒலியைக் குறைவாகவே வையுங்கள். கூடினால் பாடகர் உங்கள் பிடரியில் உட்கார்ந்துவிடுவார்.

இன்னொன்று: இதற்குப் பதில் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். கலிஃபோர்னியாவில் வண்டி ஓட்டும்போது அது சட்டவிரோதம். எனக்குத் தோன்றியதால் சொல்கிறேன்.

ஃபிரீமாண்ட்காரன்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அளந்தேன். மனைவிதான் போனைப் பிடித்துக்கொண்டார், "இதற்குத்தான் என்னைக் கூட்டிவந்தீர்களா?" என்ற கேள்வியும் பதிவாகி, அந்த நொடி 91 காட்டியது. அதை விட்டுவிட்டால் பாலத்தில் 88, கடற்கரைச் சாலையில் 55 மைலில் 82. பின் டயர்கள் இரண்டும் அளவுகோல் ஐயா சொன்ன ரம்பம்தான். நான்கையும் மாற்றினேன், காற்றுத் தடுப்பும் வைத்தேன். பாலத்தில் 84க்கு வந்தது. இத்தனைக்கும் ஒலிக்கருவியில் கை வைக்கவே இல்லை.

கதவுத் துளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு உட்கார்ந்து நானே அடைத்தேன். பியூட்டைல் கையில் ஒட்டினால் லேசில் போகாது. ஆனால் மறுநாள் பாட்டு வைத்தபோது ஸ்பீக்கரை மாற்றியதைவிடப் பெரிய வித்தியாசம் தெரிந்தது. தொப்பி வந்துவிட்டது. முழுதாக இல்லை, "தொம்" என்பதில் "தொ" வந்திருக்கிறது. சப்வூஃபர் வாங்கவில்லை. போஸ் இருக்கைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நானாகக் கண்டுபிடித்த ஒன்றையும் சொல்கிறேன். கச்சேரிப் பதிவில் ஆலாபனை முணுமுணுப்பாகத் தொடங்கும், தனி ஆவர்த்தனம் இடியாக முடியும். வீட்டில் அதுதான் அழகு. காரில் முணுமுணுப்புக்காக ஒலியைக் கூட்டினால் தனியில் காது கிழியும். அதனால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கம்ப்ரஸர் போட்டு, மெல்லிய இடங்களைத் தூக்கி உரத்ததை அமுக்கிக் காருக்கென்று தனிப் பிரதிகள் செய்துவைத்தேன். இது பாவம் என்று என் தம்பி சொல்கிறான். அவன் ஓட்டுவது மூடிய கார்.

நாகஸ்வரத்துக்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. திறந்த வெளியில் வாசிக்கவே பிறந்த வாத்தியம், பாலத்தைக்கூட மதிக்கவில்லை. தவில்தான் சற்றுத் திணறியது. ஆகையால் பாலத்தில் நாகஸ்வரம், கடற்கரைச் சாலையில் வயலினோ வீணையோ, மலையேற்றத்தில் கார்புரேட்டர் அவர்கள் சொன்னபடி எஞ்சின் என்று பிரித்துவைத்திருக்கிறேன்.

எம்.டி.ஆர்.தான் எதிலும் அடங்கவில்லை. சென்ற சனிக்கிழமை பெஸ்கடேரோவுக்கு முன்பாக, கடலைப் பார்த்து வண்டி நிறுத்தும் இடம் ஒன்றில் ஒதுங்கி, கூரையை மூடி, எஞ்சினை அணைத்துவிட்டு, அமுக்காத பதிவையே போட்டுக் கேட்டேன். இருபது நிமிடம் இருக்கும். கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பக்கத்தில் நிறுத்தியிருந்த வெள்ளைக்காரப் பெரியவர். இவ்வளவு நல்ல வெயிலில் கூரையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, வண்டி பழுதா, ஆள் அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டார்.