புதுப்பிப்பு: ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை

ஊட்டிப் பக்கத்துச் சோலைக்காட்டு மண்ணின் ஈரப்பதம் பற்றிய கட்டுரையை ஆங்கிலத்தில் எங்கிருந்து தொடங்குவது என்று முன்பு கேட்டிருந்தேனே, வரைவு முடிந்து என் ஆய்வு வழிகாட்டி மேடம் கைக்குப் போய்விட்டது.

கட்டுரையின் செய்முறைப் பகுதியை முதலில் எழுதச் சொன்ன உங்கள் யோசனைதான் கைகொடுத்தது. செய்த வேலையை எழுதத் தயக்கம் வராது. சுருக்கம் கடைசியில்.

'மண்ணை எடுத்து, எடை போட்டு, 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடை போட்டு' என்று தமிழில் இழுத்துக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் அதைத் தனித்தனி வாக்கியங்களாக உடைத்ததும் சிவப்பு மை பாதியாகக் குறைந்தது. அப்புறம், நாம் செய்தது இறந்தகாலம், ஏற்கெனவே தெரிந்த உண்மை நிகழ்காலம்.

இலக்கணச் செயலி காற்புள்ளியைத் திருத்தும், சரி. ஆனால் ஈரப்பதச் சதவீதத்தைக் கணக்கிட்டது மண்ணின் ஈர எடைக்கா, உலர் எடைக்கா என்று மேடம்தான் கேட்டார்.