அகிலனுக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள்

*குழு: தோட்டத்து வீட்டுச் சொந்தங்கள்*

செல்வி: எல்லோருக்கும் வணக்கம். தெருப் பிள்ளைகள் சைக்கிளில் சுற்றுவதைப் பார்த்து அகிலனும் கேட்க ஆரம்பித்துவிட்டான். எட்டு வயதாகிறது, எத்தனை நாள்தான் பேச்சை மாற்றுவது? பக்கத்து வீட்டுச் சைக்கிளில் உட்காரவைத்துப் பார்த்தோம். இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது, கால் பெடலில் நிற்பதே இல்லை. சிபி, அதாவது மூளை முடக்குவாதம், இருக்கிற இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று கட்டுப்படியாகிற விலையில் ஏதாவது கிடைக்குமா?

பெரியப்பா: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

கார்த்தி: அக்கா, நெட்டில் பார்த்தேன். முதுகுக்குச் சாய்மானம், நெஞ்சுப் பட்டை, கால் பட்டை எல்லாம் வைத்து வெளிநாட்டுச் சைக்கிள் இருக்கிறது. அனுப்பும் செலவு, வரி சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும் போல.

செல்வி: ஒரு லட்சமா! இரண்டு வருடத்தில் அவனுக்கே பத்தாமல் போய்விடுமே கார்த்தி.

பெரியப்பா: கண்ணு செல்வி, அரசாங்கத்திலேயே மூன்று சக்கர வண்டி கொடுக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேள். எதற்குக் காசைக் கொட்டுவது?

திவ்யா: பெரியப்பா, அது கையால் சுற்றி ஓட்டும் வண்டி. நடக்க முடியாத பெரியவர்கள் கடைக்கோ வேலைக்கோ போய் வர நல்லது. பேட்டரி வண்டி 16 வயதுக்கு மேல்தான். அகிலனுக்கு வேண்டியது காலால் மிதிப்பது. கை மட்டும் வேலை செய்தால் கால் சும்மாதானே கிடக்கும்? அவனுடைய பிசியோதெரபிக்கே இந்த மிதிப்புதான் தேவை.

திவ்யா: ஆனாலும் அக்கா, விண்ணப்பத்தை விடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணம் கொடுக்கும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் பெற்றோரின் மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் முழுச் செலவும், 30,000 வரை பாதியும் தருகிறார்கள். சைக்கிள் கிடைக்காவிட்டாலும் சிபி பிள்ளைகளுக்கான நாற்காலி கிடைக்கும், பள்ளியில் அவன் நேராக உட்கார உதவும். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வருமானச் சான்று, ஆதார் மூன்றையும் எடுத்து வையுங்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இதற்கான முகாம் எப்போது என்று அவன் டீச்சரிடமே கேட்கலாம்.

செல்வி: அட்டை வாங்கியாயிற்று. வருமானச் சான்றுக்கு இ-சேவையில் போட வேண்டும். சரி, சைக்கிளுக்கு என்ன வழி?

கார்த்தி: சாதாரணச் சைக்கிளில் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்டினால் போதாதா?

பட்டறைச் சித்தப்பா: போதாது தம்பி. அந்தக் கம்பி வளைந்துகொடுக்கும். இவன் ஒரு பக்கமே சாய்கிறவன், வண்டியோடு சாய்ந்துவிடுவான். பழைய 16 இஞ்ச் சைக்கிள் ஒன்று கிடைத்தால் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு, நீள ஆக்சில் போட்டு இரண்டு சக்கரமாக்கிவிடலாம். ராடு, பேரிங், சக்கரம் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடியும். என் கூலியைப் பற்றிப் பேசக்கூடாது.

அத்தை (பொள்ளாச்சி): எங்கள் தோட்டத்துச் சாளையில் பெரிய பேரன் ஓட்டிய சைக்கிள் சும்மா கிடக்கிறது. கோழி அடைகிறது அதன்மேல். எடுத்துக்கொள்ளுங்கள்.

திவ்யா: சூப்பர் அத்தை 😄 சித்தப்பா, ஒரு விஷயம். மிதிக்காதபோது பெடலை நிற்கவிடும் பிரீவீலை எடுத்துவிட்டு ஃபிக்ஸ்டாகப் போட முடியுமா? அகிலன் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும்வரை பெடல் சுற்றும், கால் தானாக அந்தச் சுற்றுக்குப் பழகும். பின்னாலும் வரலாம்.

பட்டறைச் சித்தப்பா: போடலாம் அம்மிணி, ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. காலைப் பெடலோடு கட்டியிருப்போம். இறக்கத்தில் வண்டி ஓடினால் பெடல் காலை இழுத்துக்கொண்டு சுற்றும். முட்டி என்னாவது?

திவ்யா: பயம் நியாயம்தான். சமதளத்தில் மட்டும்தான் ஓட்ட வேண்டும். ஹேண்ட் பிரேக் கட்டாயம். பின்னால் பெரியவர்கள் பிடிக்க ஒரு கைப்பிடியும் வேண்டும், அக்காவுக்குக் குனியாமல் எட்டுகிற உயரத்தில்.

பட்டறைச் சித்தப்பா: அப்படியென்றால் சரி. ஒரு பின்சக்கரத்துக்கு மட்டும் டிரைவ் கொடுக்கிறேன். இரண்டையும் ஆக்சிலோடு இறுக்கினால் வளைவில் திரும்பவே அடம்பிடிக்கும். பின்சக்கரங்களை நன்றாக அகலமாக வைத்து சீட்டை இறக்கிவிட்டால் கவிழாது.

பெரியப்பா: வாசல் கேட்டில் நுழைகிற அகலம் பார்த்து வை. எங்கள் வீட்டு பீரோ கதை எல்லோருக்கும் தெரியும்.

திவ்யா: 😂 கேட்டை அளந்துவிடலாம் பெரியப்பா. பெடல்தான் முக்கியம். அகிலனுக்கு மிதிக்கும்போது இரண்டு முட்டியும் கத்தரிக்கோல் மாதிரி உள்ளே வரும். பெடலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்க வேண்டும். பெடலைத் தாங்கும் கம்பியான கிராங்க் முழு நீளத்தில் இருந்தால் முட்டி அதிகம் மடங்க வேண்டியிருக்கும், அவனால் முடியாது. கிராங்க்கில் உள்பக்கமாக இன்னொரு துளை போட்டு பெடலை அங்கே மாட்டுங்கள், சுற்று சின்னதாகிவிடும். பெடல்மேல் ஒரு தட்டு, குதிகால் நழுவாமல் பின்னால் ஒரு தடுப்பு, மேலே வெல்க்ரோ பட்டை.

பட்டறைச் சித்தப்பா: தட்டுக்கு அடியில் கொஞ்சம் வெயிட் வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் தட்டு தலைகீழாகத் தொங்கும், ஒவ்வொரு தடவையும் செல்வி குனிந்து திருப்ப வேண்டும். நெஞ்சுப் பட்டைக்கு ஸ்கூல் பேக் கிளிப் போதுமா?

திவ்யா: போதும். ஒரே அழுத்தில் கழல வேண்டும், அதுதான் முக்கியம். தோளுக்கு மேல் பட்டை வேண்டாம், இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இருந்தால் சரி. அவன் தெரபிஸ்டிடம் ஒரு தடவை காட்டிவிட்டு ஓட்டவிடுங்கள். நான் அவனைப் பார்த்தே ஆறு மாதமாகிறது, தசை இறுக்கம் கூடியிருக்கலாம்.

செல்வி: அளவு என்னென்ன எடுக்க வேண்டும் திவ்யா?

திவ்யா: கால் உள்பக்க நீளம், இடுப்பு அகலம், உட்கார்ந்து கை நீட்டினால் எட்டுகிற தூரம். காலைத் தாங்கும் ஸ்பிளிண்ட்டும் ஷூவும் போட்டே எடுங்கள் அக்கா. வெறுங்காலில் எடுத்தால் சீட் உயரமே மாறிவிடும்.

பட்டறைச் சித்தப்பா: அளவு தாளில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவனையே கணபதி பட்டறைக்குக் கூட்டி வா. அன்று லீவு, சத்தம் இருக்காது. சீட் பைப்பில் இப்போதே நான்கைந்து துளை போட்டுவிடுகிறேன், வளர வளர ஏற்றிக்கொள்ளலாம்.

கார்த்தி: ஹெல்மெட் என் செலவு. தலைச் சுற்றளவு மட்டும் அனுப்பு அக்கா.

செல்வி: அகிலனிடம் சொல்லிவிட்டேன். பெல் வேண்டுமாம், அதுவும் டிங் டிங் வேண்டாமாம், பாம் பாம் ஹாரன்தான் வேண்டுமாம்.

பெரியப்பா: ஹாரன் நான் வாங்கித் தருகிறேன். பொள்ளாச்சியிலிருந்து சைக்கிளை யார் கொண்டுவருவது?

அத்தை (பொள்ளாச்சி): சனிக்கிழமை தேங்காய் வண்டி கோவைக்கு வருகிறது. ஏற்றிவிடுகிறேன். கோழியை இறக்கிவிட்டுத்தான் 😀