சிறுதொழில் செய்யும் ஏழைப் பெண்களுக்குக் குழுக்கடன் உதவுகிறதா? என் பதில்: இல்லை

வரப்பு:
1976-ல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் கடன் கொடுத்தார். 2006-ல் அவருக்கும் அவர் தொடங்கிய கிராமீன் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு. கிராமத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்று சிறுகடன் கொடுத்தால் தொழில் பெருகும், வீடு நிமிரும் என்ற பேச்சு அன்றிலிருந்து ஓயவில்லை. ஆனால் போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என்று ஆறு நாடுகளில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்களே, என்ன கிடைத்தது? குடும்ப வருமானம் சராசரியாகக் குறிப்பிடும்படி ஏறவில்லை. வறுமையை ஒழிப்போம் என்று சொல்லிக் கடனை விற்பதை நிறுத்த வேண்டும். இதுதான் என் கட்சி.

தறிக்காரி:
சராசரியோடு நிறுத்திவிட்டீர்கள். அந்த ஆறில் ஒன்றான ஹைதராபாத் ஆய்வைப் பிரித்துப் படியுங்கள் (அது நகரத்துக் குடிசைப்பகுதியில் நடந்தது, இருந்தாலும் விஷயம் பொருந்தும்). முன்பே தொழில் வைத்திருந்தவர்கள் கடனை வைத்து அதைப் பெருக்கியிருக்கிறார்கள். கடன் கிடைக்கிறதே என்று புதிதாக இறங்கியவர்களுக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

கடன் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2010 அக்டோபரில் சிறுகடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தி ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்ட பிறகு அங்கே வசூல் நின்றது. அந்த நிறுவனங்கள் மற்ற மாநிலங்களிலும் கடனைச் சுருக்கின. எங்கெல்லாம் சுருங்கியதோ அங்கெல்லாம் கூலி இறங்கியது. கடனே வாங்காதவர் வயிற்றிலும் அடி.

வரப்பு:
அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதையும் சொல்லுங்கள். ஒரே பெண்ணுக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்தன. ஒன்றின் தவணையை அடைக்க இன்னொன்றில் வாங்கினார்கள். தற்கொலைச் செய்திகள் வந்த பிறகுதான் அரசு அசைந்தது. பெண்களையே தேடித் தேடிக் கொடுப்பதற்குக் காரணம் அக்கறை என்று நான் நம்பவில்லை. அவர்களிடம் வசூலிப்பது சுலபம்.

களத்துமேடு:
நான் குழுக்கடன் வசூலில் இருந்தவன். காலைக் கூட்டத்தில் பணத்தை எண்ணி வாங்கி அட்டையில் கையெழுத்துப் போடுவேன். ஒருவர் வரவில்லை என்றால் மொத்தத் தொகை சேரும்வரை யாரும் எழுந்து போக முடியாது. மற்றவர்களுக்கு வேலைக்கு நேரமாகும். இரண்டு பேர் கிளம்பி அவர் வீட்டு வாசலுக்குப் போவார்கள். நான் கடுமையாக ஒரு சொல் பேச வேண்டியதில்லை, அக்கம்பக்கத்தாரே பேசிவிடுவார்கள். என் தாளில் அன்றைக்கு நூறு சதவீத வசூல். அந்தப் பணம் தொழிலில் வந்ததா, கைமாற்றா, தோட்டை அடகு வைத்ததா என்று எழுத அதில் கட்டமே கிடையாது.

வட்டி சொல்லும் விதம் இன்னொன்று. பத்தாயிரத்துக்குப் பன்னிரண்டு சதவீதம் பிளாட் வட்டி, 50 வாரம், வாரம் 224. கேட்க லேசாக இருக்கும். அசல் வாராவாரம் குறைகிறது, வட்டியோ கடைசிவரை முழுப் பத்தாயிரத்துக்கு. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 23 சதவீதத்தைத் தாண்டும்.

தறிக்காரி:
நீங்கள் சொன்ன இரண்டும் ஒழிய வேண்டியவைதான். ஆனால் அவை இல்லாமலும் கடன் கொடுக்கலாம். பிலிப்பைன்ஸில் ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்ற விதியை எடுத்துப் பார்த்தார்கள், வாராக்கடன் கூடவில்லை.

என்னைக் கேட்டால் பெரிய கோளாறு முதல் தவணையில்தான். இன்று கடன், ஓரிரு வாரத்தில் தவணை என்றால் எதை வாங்க முடியும்? வாங்கியதும் விற்கிற சரக்கை மட்டும். தையல் மெஷினோ கன்றுக்குட்டியோ வாங்கினால் அது சம்பாதிப்பதற்குள் தவணை வந்து நிற்கும். கொல்கத்தாவில் ஒரு பிரிவினருக்கு இரண்டு மாதம் அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தொழிலில் கூடுதலாகப் போட்டார்கள், நாளடைவில் லாபமும் கூடியது. தவணை தவறியவர்களும் கூடினார்கள், அதை மறைக்கவில்லை. நிறுவனங்கள் இந்தக் கடைசி வரியைத்தான் படிக்கின்றன.

வரப்பு:
வட்டியே இல்லாமல், திருப்பியும் கேட்காமல் பணம் கொடுத்தால்? இலங்கையில் சிறுதொழில் செய்பவர்களுக்கு அப்படிக் கொடுத்தார்கள். ஆண்களின் லாபம் ஏறியது. பெண்களுக்குச் சராசரியாக எதுவும் ஏறவில்லை. இதற்கு மேல் தவணையை எப்படி மாற்றி என்ன?

தறிக்காரி:
அந்தத் தரவை இந்தியா, கானா தரவுகளோடு சேர்த்து மறுபடி ஆராய்ந்து 2019-ல் எழுதினார்கள். வீட்டில் அவள் தொழில் ஒன்றுதான் என்றால் ஆணுக்குக் கிடைக்கும் அளவு பலன் அவளுக்கும் இருந்தது. கணவருக்கும் தொழில் இருந்தால் பணம் அங்கே போய்விடுகிறது. அவளுக்குத் திறமை இல்லை என்று எழுதியிருந்தால் எவ்வளவு அநியாயம்!

உகாண்டாவில் கடனை ரொக்கமாகத் தராமல் பெண்ணின் மொபைல் பணக் கணக்கில் போட்டார்கள். எட்டு மாதத்தில், ரொக்கமாக வாங்கியவர்களைவிட லாபம் 15 சதவீதம் அதிகம். அதே கடன்தான், யார் கண்ணிலும் படாமல் அவள் கைக்குப் போனது.

வரப்பு:
அப்படியானால் அவளுக்கென்று ஒரு கணக்குதான் முதல் தேவை. அதைச் சேமிப்புக்கும் கொடுக்கலாமே. பரம ஏழைகளுக்கு வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002-லிருந்து முதலில் ஆடு மாடு போன்ற சொத்தும், சில மாதத்துக்குச் செலவுத்தொகையும், பயிற்சியும் கொடுக்கிறது. அந்த முறையை வேறு ஆறு நாடுகளில் சோதித்தபோது, திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் வருமானம் கூடுதலாகவே இருந்தது. தொழில் இல்லாதவரிடம் கடனோடு போகாதீர்கள் என்கிறேன்.

தறிக்காரி:
அதில் உங்களோடு நான் நிற்பேன். ஆனால் தொழில் இருக்கிறவளுக்கு நாளைக்கே சரக்கு எடுக்கப் பணம் வேண்டும். இந்தக் கதவையும் சாத்தினால் அவள் கந்துவட்டிக்காரரிடம்தான் போவாள்.

களத்துமேடு:
அக்கா, யாருக்குத் தொழில் இருக்கிறது என்று பார்ப்பது யார்? எனக்கு ஊக்கத்தொகை புதுக் கடன்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் வந்தது. விசாரித்து நான்கு பேரைத் திருப்பி அனுப்பினால் அந்த மாதம் எனக்குத்தான் நஷ்டம்.

தறிக்காரி:
அந்த ஊக்கத்தொகையை மாற்றச் சொல்லி நான் கேட்பேன். கடனை நிறுத்தச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

வரப்பு:
அது மாறும்வரையாவது நிறுத்தச் சொல்லி நான் கேட்பேன்.