புதுப்பிப்பு: அப்பாவின் கண் ஊசி, எதைப் போட்டோம்

விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறது, ஒன்று மலிவு, இன்னொன்று பல மடங்கு விலை, அப்பாவுக்கு எந்த ஊசி போடுவது என்று கேட்டிருந்தேனே, கும்பகோணத்தில் டாக்டரிடம் பேசிவிட்டு மலிவான அவாஸ்டினையே போட்டாயிற்று.

இரண்டும் அடக்குவது விஇஜிஎஃப் என்ற ஒரே புரதத்தைத்தான், குழாயை வளரத் தூண்டுவது அது. 1989-இல் ஜெனென்டெக் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனியில் நெப்போலியோன் ஃபெராரா குழு அதைப் பிரித்தெடுத்தது. அவாஸ்டின் 2004-இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது, கண்ணுக்கென்றே செய்த, அந்த விலை கூடின லூசென்டிஸ் 2006-இல். இரண்டும் அதே கம்பெனிச் சரக்கு, அவன் எதற்கு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறான்? அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த ஆய்வுதான் 2011-இல் பார்வையைக் காப்பதில் இரண்டும் சமம் என்று காட்டியது.

ஒரு விஷயம், அவாஸ்டினைப் பெரிய குப்பியிலிருந்து சின்னச் சிரிஞ்சுகளாகப் பிரிக்கிறார்கள், அங்கே சுத்தம் தப்பினால் கண்ணே போகலாம். எங்கே பிரிக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

பார்வையைச் சோதிக்கிற கட்டம் போட்ட தாளில் நடுக்கோடு அப்பாவுக்கு இன்னும் நெளிந்துதான் தெரிகிறது. கொஞ்ச நாள் சேற்றுப் பக்கம் போகக்கூடாது என்றதும், சம்பா நடவு நேரத்திலா என்று ஒரே கோபம். அடுத்த ஊசி நாலு வாரம் கழித்து.