முடிசூட உரிமையில்லாத ராணிகள் பிரான்ஸை ஆண்டது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் முடிசூடி ஆண்ட காலத்தில், பிரான்ஸில் பெண்கள் அரியணை ஏறவே முடியாது என்ற விதி இருந்தது. ஆயினும் அதே காலத்தில், 1560-இல், பத்து வயது மகன் ஒன்பதாம் சார்லஸுக்காக கேத்தரின் தெ மெடிசி நாட்டை நிர்வகித்தார். முடியைக் கொடுக்க மறுத்தவர்கள் ஆட்சியை மட்டும் எப்படி நம்பி ஒப்படைத்தார்கள்?

பதில் 1:
முடி கிடைக்காது என்பதுதான் அந்த நம்பிக்கைக்கே காரணம் என்பது என் கருத்து. 1316-இல் பத்தாம் லூயி இறந்தபோது அவருடைய மனைவி கருவுற்றிருந்தார். அரசரின் தம்பி பிலிப் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். பிறந்த ஆண் குழந்தை ஐந்தே நாளில் இறந்ததும், லூயியின் முதல் மனைவியின் மகளான சிறுமி ழானை ஒதுக்கிவிட்டுத் தாமே அரசரானார். பெண்ணுக்கு உரிமையில்லை என்று 1317-இல் கூடிய அவை அறிவித்தது. அதற்கு ஆதாரமாக இன்று சொல்லப்படும், பிராங்க் இனத்தாரின் பழைய சட்டத் தொகுப்பான சாலிக் சட்டத்தை அறிஞர்கள் தேடியெடுத்து முன்வைத்தது மிகவும் பிற்காலத்தில்தான். குழந்தை அரசர் இறந்தால் சித்தப்பாவுக்கு நாடு கிடைக்கும். தாய்க்கோ இருப்பதும் போய்விடும். ஆகவே சிறுவனைக் காப்பதில் தாயைவிட நம்பத்தக்கவர் வேறு எவரும் இல்லை என்ற கணக்கு காலப்போக்கில் வலுப்பெற்றது.

பதில் 2:
தாய்க்கு மட்டுமன்று, தமக்கைக்கும் இது பொருந்தும். பதினோராம் லூயி 1483-இல் இறந்தபோது, பதின்மூன்று வயது எட்டாம் சார்லஸைக் காக்கும் பொறுப்பு அவருடைய அக்காள் ஆன் தெ போழேவிடமும் அவர் கணவரிடமும் வந்தது. அரியணைக்கு அடுத்த வாரிசான ஒர்லியான் கோமகன் லூயி அதை எதிர்த்து, இறுதியில் ஆயுதமும் ஏந்தினார். 1488-இல் சேன்-ஒபேன்-து-கோர்மியே போரில் பிடிபட்டுச் சிறையில் கிடந்தார். அவரே 1498-இல் பன்னிரண்டாம் லூயியாக முடிசூடினார் என்பதைப் பார்த்தால், ஆன் யாருக்கு எதிராகத் தம்பியைக் காத்து நின்றார் என்பது விளங்கும். என்னைக் கேட்டால், கேத்தரினைவிடத் திறமையானவர் இவரே.

பதில் 3:
ஆனால் இந்த அதிகாரம் மகனிடமிருந்து வருவது. அவன் நினைத்தால் போய்விடும். நான்காம் ஹென்றி 1610-இல் கொலையுண்டபின் ஆட்சிக்கு வந்த அவர் மனைவி மரி தெ மெடிசி, மகனுக்கு உரிய வயது வந்த பின்னரும் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பதின்மூன்றாம் லூயி 1617-இல் தாயின் நம்பிக்கைக்குரிய கொன்சீனியைக் கொல்லச் செய்து, தாயையும் புளுவா கோட்டைக்கு அனுப்பிவைத்தார். பின்னர் ஒருமுறை சமாதானமாகியும் நிலைக்கவில்லை. மரி 1642-இல் கொலோன் நகரில் நாடிழந்தவராகவே இறந்தார். அந்த லூயி தம் மனைவி ஆஸ்திரியாவின் ஆனையும் நம்பவில்லை. தாம் இறந்தபின் சிறுவனான மகனுக்காக ஆன் ஆளும் அதிகாரத்துக்கு ஒரு குழுவால் கடிவாளமிட்டுச் சென்றார். 1643-இல் பாரிஸ் பார்லமென்ட் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை நீக்கி, ஆனுக்கே முழுப் பொறுப்பையும் அளித்தது.

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் ஆண் உறவினர் பொறுப்பேற்றாலே ஆபத்து என்று கொள்ளலாமா?

பதில் 1:
அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பதினைந்தாம் லூயி 1715-இல் ஐந்து வயதில் அரசரானபோது, அவருடைய தாய் 1712-இலேயே இறந்திருந்ததால், பொறுப்பு அரச குடும்ப உறவினரான ஒர்லியான் கோமகன் பிலிப்பிடம் சென்றது. அரச குடும்பத்தினரை நஞ்சிட்டுக் கொன்றவர் என்றுகூட அவரைப் பற்றி வதந்தி உலவியது. அவரோ சிறுவனைப் பத்திரமாக வளர்த்து, 1723-இல் ஆட்சியை முறைப்படி ஒப்படைத்தார்.